படப்பையிலிருந்து பத்துமலைக்கு

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாக வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் சென்றால் படப்பை என்னும் ஊர் வருகிறது. சங்கத் தமிழில் படப்பை என்றால் தோட்டம், வீட்டையடுத்த கொல்லை என்று பொருள். பெயருக்கேற்ற தோட்டங்கள் இன்று அதிகம் இல்லை. ஏரிகளும் அவற்றின் கரையோரத்துப் பனைமரங்களும் மட்டும் அங்கங்கே பழைய ஊரை நினைவூட்டுகின்றன. ஜெயதுர்கா பீடத்தில் அன்னை துர்க்கையை ராகு காலத்தில் தரிசிக்க வரும் மகளிர் கூட்டத்தை எந்த வெள்ளிக்கிழமையிலும் காணலாம்.

ஊரைச் சுற்றியுள்ள புண்ணிய பூமியை அன்பர்கள் அறிவார்கள். கிழக்கே சிறிது தொலைவில் மணிமங்கலம். பல்லவப் பேரரசன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைப் போரில் வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு குறிப்பிடும் ஊர் இது. அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் ஆலயத்தின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. வடக்கே, பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர். மேற்கே ஓரகடத்தைக் கடந்தால், ஏழடி உயரத்தில் நின்று அருள்பாலிக்கும் வல்லக்கோட்டை முருகன். அப்பால் 1017-ஆம் ஆண்டு உடையவர் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் ‘தானுகந்த திருமேனி’யாக அவர் இன்றும் எழுந்தருளியிருக்கிறார்.

இத்தனை தலங்களுக்கும் நடுவே கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்தவை தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டுக் கார்த் தொழிற்சாலை 1998 வாக்கில் உற்பத்தியைத் தொடங்கியது. ஓரகடத்தில் 2010-இல் பிரெஞ்சு, ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஆலையும், 2012-இல் ஜெர்மானிய லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்களைக் கண்டு இப்போது எவரும் வியப்பதில்லை. அமாவாசைக்கு எள்ளும் தர்ப்பையும் வாங்கும் கடைக்கு அடுத்த கடையில் டாலரும் யூரோவும் மாற்றித் தருகிறார்கள்.

நான் வங்கிப் பணியில் சேர்ந்த காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கோலோச்சிய நாட்கள் அவை. வெளிநாடு செல்பவருக்குக் கைச்செலவுக்கு டாலர் கிடைப்பதே அரிது. கிடைத்தால் அந்தத் தொகையைக் கடவுச்சீட்டின் பக்கத்தில் எழுதி முத்திரை பதிப்போம். 2000-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அச்சட்டத்தின் இடத்தில் ஃபெமா எனப்படும் புதிய சட்டம் வந்தது. 2004-இல் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் வந்தது. இன்று ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுச் செலவுக்கு எடுத்துச் செல்லவும் அனுப்பவும் அனுமதி உண்டு. அன்று அந்நியப் பணம் கிடைப்பது கடினம், விலை மட்டும் வெளிப்படை. இன்று கைபேசியில் கேட்டால் வீட்டு வாசலுக்கே வந்து தருகிறார்கள். என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைத்தான் வாங்கியவரே எளிதில் சொல்ல முடிவதில்லை.

இதை எழுதத் தூண்டியது பன்னிருவர் கூடிச் சென்ற ஒரு யாத்திரை. படப்பை, ஆதனூர், மணிமங்கலம் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். வல்லக்கோட்டையில் மாதந்தோறும் கிருத்திகை தரிசனம் செய்யும் பழக்கத்தில் நட்பானோம். மலேசியாவின் பத்துமலை முருகனையும் பினாங்கு தண்ணீர்மலை முருகனையும் ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்ற ஆவல் பல ஆண்டுகளாக இருந்தது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்கு அளித்திருப்பதால் அந்த ஆவல் கைகூடியது. புறப்படும் முன் இணையத்தில் வருகைப் பதிவு அட்டையை நிரப்பினால் போதும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதையும் நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவோர் உண்டு என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு தம்பதியர். கணவர் ஓரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. பேரனுக்கு உடல் நலமானால் பத்துமலைக்கு வருவதாக அந்த அம்மையார் நேர்ந்துகொண்டிருந்தார். விமானச் சீட்டை மகன் வாங்கித் தந்துவிட்டார். அங்கே ஆகும் செலவுக்காக அம்மையார் மாதம் 2,000 ரூபாய் வீதம் நாற்பது மாதங்கள் சீட்டுக் கட்டி 80,000 ரூபாய் சேர்த்திருந்தார். பேரன் கைபேசியில் பார்த்து, “பாட்டி, ஒரு ரிங்கிட் இருபது ரூபாய், உன் பணத்துக்கு நாலாயிரம் ரிங்கிட் வரும்” என்று கணக்குச் சொல்லியிருந்தான். அந்த நான்காயிரத்தை வைத்தே அவர் ஒவ்வொரு நாளின் செலவையும் எழுதி வைத்திருந்தார். அதில் பால்குடத்துக்கும் அர்ச்சனைக்கும் தனிப் பக்கம்.

(நாணய விலை நாள்தோறும் மாறுவது. இங்கே நான் தரும் விலைகளைப் புரிதலுக்காக முழு எண்களாக்கியிருக்கிறேன்.)

கணவர் பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு நாணயமாற்றுக் கடைக்குப் போனார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். ‘கமிஷன் இல்லை’ என்று வாசலில் பெரிய பலகை. உள்ளே இருந்த இளைஞர், ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் வாங்க ரிசர்வ் வங்கி விதி இடம் தராது என்றார். அது உண்மையே. “கார்டு இருந்தால் இப்பொழுதே முடித்துவிடலாம், புள்ளிகளும் கிடைக்கும்” என்றார். வைப்புத்தொகையின் பேரில் வங்கி வழங்கியிருந்த கிரெடிட் கார்டு சட்டைப்பையில் இருந்தது. நான்காயிரம் ரிங்கிட்டும் கைக்கு வந்தது. கார்டுக் கணக்குத் தாள் வந்த அன்று மாலை தம்பதியர் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

“கமிஷனே இல்லைன்னு போர்டு வெச்சிருக்காங்க சார். எண்பதாயிரம்தானே ஆகணும்? எண்பத்தாறாயிரத்துச் சொச்சம் வந்திருக்கு. கூட வேற யாராச்சும் கார்டைத் தேய்ச்சிருப்பாங்களோ?” என்றார் அவர்.

அம்மையார் ஒன்றும் பேசவில்லை. செலவுக் கணக்கு நோட்டு அவர் மடியில் இருந்தது.

ரசீதை வாங்கிப் பார்த்தேன். எவரும் கார்டைத் திருடவில்லை. எல்லாம் அந்தத் தாளிலேயே அச்சிடப்பட்டிருந்தது. ரிங்கிட் ஒன்றுக்கு 21 ரூபாய் வீதம் நான்காயிரத்துக்கு 84,000 ரூபாய். கமிஷன் என்ற இடத்தில் ஒரு கோடு. ஜி.எஸ்.டி. 151 ரூபாய் 20 காசு. அதற்குக் கீழே ‘வசதிக் கட்டணம்’ என்ற பெயரில், கார்டு மூலம் செலுத்தியதற்காக 2 சதவீதம், 1,680 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., 302 ரூபாய் 40 காசு. மொத்தம் 86,133 ரூபாய் 60 காசு.

ஆறாயிரத்துச் சொச்சத்தில் பெரும்பகுதி எங்கே போயிற்று என்று பாருங்கள். நான்காயிரம் ரூபாய் விலைக்குள்ளேயே போய்விட்டது. சந்தையில் 20 ரூபாய்க்குப் போகும் ரிங்கிட்டை 21 ரூபாய்க்கு விற்பவர் கமிஷன் என்று தனியே கேட்க வேண்டிய தேவையே இல்லை. பலகையில் எழுதியிருந்தது பொய் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. அடுத்த இரண்டாயிரம் கார்டைத் தேய்த்ததற்கான விலை. அரசுக்குரிய வரி இவற்றில் மிகச் சிறியது. நாணயமாற்றில் ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகக் கொள்கிறார்கள். குறைந்தபட்சம் 250 ரூபாய். அந்த மதிப்பின் மேல்தான் 18 சதவீத வரி. ஆகவே சிறு தொகைக்கு 45 ரூபாய், லட்சத்துக்கு 180 ரூபாய், அவ்வளவே. “எல்லாம் கவர்ன்மெண்ட் வரி சார்” என்று கடையில் யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் முன்னோருக்கு இது புதிய விஷயம் அன்று. நாணயம் மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் தொகைக்குத் தமிழில் ‘வட்டம்’ என்றே ஒரு சொல் இருந்தது. இலங்கை, பர்மா, மலாயா எனக் கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார் பெருமக்கள் உண்டியல் எழுதிப் பணத்தை ஊர்விட்டு ஊர் அனுப்பினார்கள். கோயிலில் நாம் காணிக்கை செலுத்தும் உண்டியலும் வணிகர் எழுதிய உண்டியல் சீட்டும் பெயரளவில் ஒன்றாகவே வழங்கிவந்தன. வட்டம் இத்தனை என்று வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியும். இன்றைய ரசீதில் இல்லாமற்போனது அந்தச் சொல் மட்டுமே, வட்டம் இருக்கத்தான் செய்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் அளித்த பொன்னையும் நகைகளையும் கல்வெட்டுகள் வரிசையாகப் பட்டியலிடுகின்றன. எத்தனை பொன் என்பதோடு அவை நிற்பதில்லை. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், நவரத்தினங்களைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்ததாகத் தெளிவாகச் சொல்கின்றன. எந்தக் கல்லால் நிறுத்தோம் என்று சொல்லாமல் எடையை மட்டும் சொல்வது கணக்காகாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோயில் கணக்கர்கள் அறிந்திருந்தார்கள். ரிங்கிட் 21 ரூபாய் என்று எழுதும் ரசீதும், அன்றைய சந்தை விலை என்ன என்பதை அதற்கு அருகிலேயே எழுத வேண்டாமா?

அப்படி எழுத வேண்டும் என்று சில நாடுகள் வற்புறுத்தவும் செய்திருக்கின்றன. அமெரிக்காவில், வெளிநாட்டுச் செலவுக்கான கார்டுக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குச் சரிவரத் தெரிவிக்காமல் வசூலித்தார்கள் என்று விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் மீதும் சில பெரிய வங்கிகள் மீதும் தொடரப்பட்ட வழக்கு, 2006-இல் 33 கோடியே 60 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்ட சமரசத்தில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், கடையிலோ ஏ.டி.எம்-மிலோ நாணயத்தை மாற்றித் தருபவர், ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிடத் தாம் எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறார் என்பதைப் பணம் செலுத்தும் முன்பே காட்ட வேண்டும்.

நம் தம்பதியரின் பணம் திரும்பவில்லை. மறுநாள் அவருடன் கடைக்குச் சென்றேன். இளைஞர் மரியாதையாகவே பேசினார். கையெழுத்திட்ட தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைக் காட்டினார். சட்டப்படி அவர் பக்கம் குறை காண இடமில்லை. எழுபது வயதுக் கண்களால் வாசிக்க முடியாத எழுத்தில் ஒரு நிபந்தனையை அச்சிடுவது அதைச் சொன்னதாகுமா என்பது என் கேள்வி. ஸ்ரீபெரும்புதூருக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு, குரு மறைவாகச் சொன்னதைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்ன உடையவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மற்ற பத்துப் பேரும் இன்னும் பணம் மாற்றியிருக்கவில்லை. அந்த வகையில் இந்த ரசீது எல்லோருக்கும் பயன்பட்டது. வங்கியில் செலாவணிப் பிரிவில் அமர்ந்திருந்த நாட்களில் நான் கற்ற ஒரு வழியைக் கையாண்டோம். வாங்க வந்திருக்கிறோமா, விற்க வந்திருக்கிறோமா என்று சொல்லாமலேயே, “ரிங்கிட் வாங்கும் விலை என்ன, விற்கும் விலை என்ன?” என்று இரண்டையும் கேட்பது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் கடையின் வட்டம். ஒரு கடை 19-க்கு வாங்கி 21-க்கு விற்றது. இன்னொன்று 19 ரூபாய் 60 காசுக்கு வாங்கி 20 ரூபாய் 40 காசுக்கு விற்றது. பிறகு ஒரே கேள்வி: “நாலாயிரம் ரிங்கிட் என் கையில் வர, எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் தர வேண்டும்?” இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு எண்ணைப் பதிலாகத் தராமல் விலை, வரி, சலுகை என்று சுற்றி வளைப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது கடையில் வங்கிக் கணக்கிலிருந்து நெஃப்ட் மூலம் பணம் செலுத்தினோம். சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழி நெஃப்ட் அனுப்ப 2020 ஜனவரி முதல் கட்டணம் இல்லை. நான்காயிரம் ரிங்கிட் 81,600 ரூபாய், வரி 146 ரூபாய் 88 காசு, மொத்தம் 81,746 ரூபாய் 88 காசு. அம்மையார் தம் நோட்டில் கழித்துப் பார்த்தார். “ரெண்டு மாசச் சீட்டுக்கு மேல போயிருக்கு அண்ணா” என்றார். 4,386 ரூபாய் 72 காசு.

ரொக்க வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பதாயிரம் என்னும் வரம்பு ஒரு பயணியின் ஒரு பயணத்துக்கு உரியது. இரண்டு கடவுச்சீட்டு, இரண்டு பான் கார்டு வைத்திருந்த தம்பதியர் அவரவர் செலவுக்கு அவரவர் பெயரில் நாற்பதாயிரத்துக்கு வாங்கியிருந்தால் கார்டைத் தேய்க்கும் பேச்சே எழுந்திருக்காது. அதை அந்த இளைஞர் சொல்லவில்லை. காசோலை தரலாம், டெபிட் கார்டும் தரலாம் என்றும் சொல்லவில்லை. டெபிட் கார்டுக்கான கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. கிரெடிட் கார்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாணயம் வாங்குவதை ரொக்கம் எடுத்ததாகவே கருதி, அன்றைய தினத்திலிருந்தே வட்டி கணக்கிடும் கார்டுகளும் இருக்கின்றன. வாங்கும் முன் கார்டு தந்த வங்கியைக் கேட்டுவிடுவது நலம்.

பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாக எடுத்துச் செல்ல முடியாது. மீதியைக் கார்டிலோ வேறு வழியிலோதான் கொண்டு செல்ல வேண்டும். புறப்படுவதற்கு அறுபது நாட்களுக்கு முன்பாக வாங்கலாகாது. பயண முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாவை ஒட்டுமொத்தமாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். என்னும் வரியை முன்கூட்டிப் பிடிப்பார்கள். நாமே நாணயம் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டுமே அந்த வரி. இது கட்டணம் அன்று. நம் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று தாக்கல் செய்யாமல் இருக்கும் முதியவர்கள் எத்தனையோ பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வல்லக்கோட்டை முருகனுக்கு அர்ச்சனை செய்து புறப்பட்டு, மறுநாள் காலை கோலாலம்பூரில் இறங்கினோம். நகரின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்துமலை அடிவாரத்துக்கே நேரே ரயில் செல்கிறது. மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல். தமிழ்ச் செவிக்கு அது எண்ணாகக் கேட்கிறது. பத்தாவது படைவீடோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். தம்புசாமிப் பிள்ளை என்னும் தமிழ்ப் பெருமகனாரின் முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குகைக்குள் வழிபாடு தொடங்கியது. 2006-இல் நிறுவப்பட்ட 140 அடி உயர முருகன் பொன்னிறத்தில் ஒளிவிடுகிறார். அவருக்கு அருகே 272 படிகள். ஏழடி முருகனைத் தரிசித்துவிட்டு வந்த எங்களுக்கு நிமிர்ந்து பார்க்கக் கழுத்து வலித்தது. இரு முருகனிடமும் அதே வேல், அதே புன்னகை. அம்மையார் பால்குடத்தைத் தலையில் ஏந்தி, எங்கும் அமராமல் ஏறினார். படிகளில் குரங்குகள் அதிகம். கையில் தின்பண்டம் எதுவும் வேண்டாம். குகைக்குள்ளே மேலே திறந்திருக்கும் பாறை வழியாக வெளிச்சம் இறங்கும் இடத்தில், வள்ளி தெய்வயானை சமேத முருகன் சந்நிதியில், அவர் நெடுநேரம் கண்மூடி நின்றார்.

தங்கும் விடுதியில் மீதித் தொகை ஆயிரம் ரிங்கிட் செலுத்த வேண்டியிருந்தது. வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் அங்கேயே வசூலிப்பார்கள். குழுவில் ஒருவர் கார்டை நீட்டினார். கார்டுக் கருவியின் திரையில் ஒரு கேள்வி எழுந்தது: ரிங்கிட்டில் செலுத்துகிறீர்களா, ரூபாயில் செலுத்துகிறீர்களா? ரூபாய் என்றதும் நம்மவருக்கு ஒரு நிம்மதி. எத்தனை ரூபாய் என்பது உடனே தெரிந்துவிடுகிறதே! ஊழியப் பெண்ணும் ரூபாய்ப் பொத்தானை அழுத்த விரலைக் கொண்டுபோனார். நான் தடுத்தேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரிங்கிட்டைத் தேர்ந்தால், கார்டு நிறுவனத்தின் அன்றைய விலையில் 20,000 ரூபாய், நம் வங்கி பெரும்பாலும் எடுக்கும் மூன்றரை சதவீதம் 700 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 126 ரூபாய், ஆக 20,826. இதுவே குறைவன்று. ரூபாயைத் தேர்ந்தால், மாற்றுவது விடுதிக்காரரின் வங்கி, விலை அவர்கள் வைத்தது. ஐந்து சதவீதம் கூட்டினார்கள் என்றால் 21,000. நம் வங்கி, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செலுத்தியதற்கென்றே தனியாக ஒரு சதவீதம் எடுப்பதாக இருந்தால் இன்னும் 210 ரூபாயும் அதற்கு வரி 37 ரூபாய் 80 காசும் சேரும். அந்நிய மண்ணில் கருவி இப்படிக் கேட்டால் அந்த ஊர் நாணயத்தையே சொல்லுங்கள். கூடுமானால் கார்டை மற்றவர் கையில் கொடுக்காமல் திரையை நீங்களே பாருங்கள்.

ஏ.டி.எம்-மில் ரொக்கம் எடுப்பதற்கு நம் வங்கி ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம், அங்குள்ள வங்கி ஒரு கட்டணம், அதன்மேல் மாற்றுக் கூடுதல். ஆகவே நாலைந்து முறை சிறிது சிறிதாக எடுப்பதைவிட ஒரே முறை எடுப்பது மேல். முன்கூட்டிப் பணம் ஏற்றிச் செல்லும் ஃபாரெக்ஸ் கார்டை எங்களில் இருவர் வைத்திருந்தார்கள். அதில் ஏற்றியிருந்தது டாலர். மலேசியாவில் தேய்த்தபோது டாலரிலிருந்து ரிங்கிட்டுக்கு மாற்ற மறுபடியும் ஒரு கூடுதல் பிடித்தது. போகும் நாட்டின் நாணயத்தை ஏற்ற முடியுமானால்தான் அந்தக் கார்டு நன்மை தரும்.

நோட்டாக டாலர் கொண்டுவந்தவர்கள் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலைப் பக்கம் மாற்றினார்கள். அங்கே வாங்கும் விலையும் விற்கும் விலையும் நெருங்கியே இருந்தன. கடைக்காரர்களில் தமிழர் பலர். “எத்தனை வெள்ளி வேணும் ஐயா?” என்று கேட்டபோது எங்களில் சிலர் விழித்தார்கள். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர் ‘வெள்ளி’ என்றே சொல்கிறார்கள். நோட்டு கசங்காமல், கிறுக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். மடித்து வேட்டி முடிச்சில் செருகிய நூறு டாலர் நோட்டு ஒன்றை ஒருவர் நீட்ட, விலையில் சிறிது குறைத்தே எடுத்தார்கள்.

பினாங்கில் தண்ணீர்மலை முருகனைக் காண ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினோம். அடிவாரத்தில் நகரத்தார் கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் பவனி வருவது இவ்வூரின் பெருமை. உண்டியல் எழுதி வணிகம் செய்தவர்கள் எழுப்பிய அந்த மண்டபத்தின் நிழலில் அமர்ந்து, அம்மையார் தம் நோட்டை எடுத்து மீதத்தைக் கணக்குப் பார்த்தார். குறைவாகச் செலவழித்திருந்ததால் 500 ரிங்கிட்டுக்கு மேல் எஞ்சியிருந்தது. ஊருக்குத் திரும்பி 19 ரூபாய்க்கு விற்றால் 9,500 ரூபாய். அவர்கள் வாங்கிய விலையில் அது 10,500.

“விக்க வேண்டாம்மா. அடுத்த வாரம் மணிமங்கலத்துக்காரர் மகள் இங்கே படிக்க வருது. அவங்ககிட்டயே இருபதுக்குக் குடுத்துடலாமா?” என்றார் கணவர்.

அவர் கேட்டது நியாயமாகத் தோன்றினாலும் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடை அல்லது வங்கியிடம் மட்டுமே விற்க வேண்டும். நாடு திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆனால் 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாகத் தம்மிடமே வைத்துக்கொள்ளத் தடையில்லை. அம்மையார் அந்த ஐந்நூறை மஞ்சள் துணியில் முடிந்து, அடுத்த பயணத்துக்கென்று எடுத்து வைத்தார்.

சில்லறை நாணயங்களை மட்டும் இங்கே எந்தக் கடையும் திரும்ப வாங்குவதில்லை. விமானம் ஏறும் நாளன்று காலை மறுபடியும் பத்துமலை அடிவாரத்துக்குச் சென்று, பன்னிருவரும் தங்கள் பைகளில் இருந்த சென் நாணயங்களை எல்லாம் அங்குள்ள உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பினோம்.